புதுக்கோட்டைக்கு எம்.பி. யார்?

விராலிமலைக்காரருக்குக் கரூர் எம்.பி. புதுக்கோட்டை நகரத்தில் இருப்பவருக்கும் கந்தர்வகோட்டைக்காரருக்கும் திருச்சி எம்.பி. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு சேர்த்தி. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் போனால் ராமநாதபுரம். ஒரே மாவட்டம், ஆறு சட்டமன்றத் தொகுதிகள், நான்கு மக்களவை உறுப்பினர்கள். 'புதுக்கோட்டை' என்ற பெயரில் மட்டும் மக்களவையில் ஆள் கிடையாது. 2009 தேர்தலில் இருந்து இதுதான் நிலைமை.

தொகுதி மறுவரையறை என்றதும் இப்போது தமிழ்நாட்டில் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். நம்முடைய 39 குறையுமா, வடக்கே எத்தனை கூடும், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று டீக்கடை முதல் தலைமைச் செயலகம் வரை ஒரே கணக்கு. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாமலே ஒரு மாவட்டம் தன் தொகுதியைப் பறிகொடுத்த கதை நம் கண்முன்னேயே இருக்கிறது. 2008க்கு முன்பும் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள். பின்பும் 39 இடங்கள். மாநிலத்துக்கு நஷ்டமில்லை. புதுக்கோட்டைக்குத்தான் நஷ்டம்.

அதனால்தான் எல்லைக்கோட்டின் கதையை அந்த ஊரிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அழிந்தது எப்படி?

1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைத்தது. வாஜ்பாய் ஆட்சியில் வந்த 84ஆவது திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதுதான் இப்படி உறைந்துபோனது. மாநிலத்துக்குள் கோடுகளை மாற்றிப் போட அனுமதி உண்டு. சென்னையைச் சுற்றி ஊர்கள் பெருத்துவிட்டன, கோவை, திருப்பூர் பக்கம் ஜனம் குவிந்துவிட்டது, கடைக்கோடி மாவட்டங்களில் அந்த அளவு வளர்ச்சி இல்லை. ஓர் ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்றால் கோடுகளை நகர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த வேலைக்காக 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து அது வரைந்த வரைபடம் 2008 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் அறிவிக்கையோடு நடைமுறைக்கு வந்தது.

அந்த வரைபடத்தில் பழைய பெயர்கள் பல காணாமல் போயின. சிவகாசி, பழநி, பெரியகுளம், கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம், திண்டிவனம், வந்தவாசி, செங்கல்பட்டு, நாகர்கோவில், திருச்செந்தூர் என்று பட்டியல் நீளும். ஆனால் பெரும்பாலான இடங்களில் பெயர்தான் போனது. தொகுதி, மாவட்டத்தின் பெயரோடு பிழைத்துக்கொண்டது. நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரி வந்தது. திருச்செந்தூருக்குப் பதில் தூத்துக்குடி, பெரியகுளத்துக்குப் பதில் தேனி. புதுக்கோட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதுவே மாவட்டத் தலைநகர், மாவட்டத்தின் பெயரும் அதுவே. அதை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே மறுவரையறையில் குளத்தூர் சட்டமன்றத் தொகுதி மறைந்து, கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன. மாவட்டத்துக்கு ஒரு எம்.எல்.ஏ. கூடுதல். எம்.பி.தான் போனார்.

ஆறு என்ற எண்

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். மக்களவைக்கு 39. வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் ஆறு வருகிறது. ஒவ்வொரு மக்களவைத் தொகுதியும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளால் ஆனது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கிடைத்தவையும் சரியாக ஆறு: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி.

மக்கள்தொகை இடித்ததா என்று பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஆறே கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 39ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்போது 14 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம் பேர். சராசரியைவிடச் சுமார் 9 விழுக்காடு குறைவு. கணக்குப் பிசகுதான், ஆனால் தூக்கி எறிய வேண்டிய அளவுக்குப் பிசகு என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறும் சேர்ந்து கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆறு. அப்படியே தூத்துக்குடி மக்களவைத் தொகுதி. கிருஷ்ணகிரிக்கு ஆறு, அதுவும் முழுசாகக் கிருஷ்ணகிரி. இந்த மூன்றும் எல்லையில் இருக்கின்றன. ஒன்று கடல், கேரளத்தோடு முடிகிறது, ஒன்று கடலோடு, ஒன்று கர்நாடக, ஆந்திர எல்லையோடு. ஓரத்தில் இருப்பவனைக் கை வைப்பது கடினம். புதுக்கோட்டைக்குக் கிழக்கே கடல் இருந்தாலும் மற்ற மூன்று பக்கமும் மாவட்டங்கள்.

சுற்றுவட்டார மாவட்டங்களின் கணக்கைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். ஒரு மக்களவைத் தொகுதிக்கு இரண்டு குறைகிறது. ராமநாதபுரத்திலும் நான்கு; அங்கும் இரண்டு குறைவு. கரூர் மாவட்டத்தின் நான்கில் குளித்தலை, பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது; மூன்று குறைகிறது. திருச்சி மக்களவைத் தொகுதி என்று திருச்சி மாநகரைச் சுற்றி எடுத்துக்கொண்டதும் நான்குதான். ஆக, சுற்றிலும் எல்லோருக்கும் பற்றாக்குறை. நடுவில் ஆறும் முழுசாக வைத்திருந்தது புதுக்கோட்டை. சிவகங்கைக்கு இரண்டு, திருச்சிக்கு இரண்டு, ராமநாதபுரத்துக்கு ஒன்று, கரூருக்கு ஒன்று என்று பங்கு பிரித்தாயிற்று. அண்டை வீடுகளின் ஓட்டைகளை அடைக்க நடுவீட்டின் கதவைக் கழற்றிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

சட்டம் இப்படிச் செய்யச் சொல்கிறதா? 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தொகுதிகள் கூடியவரை புவியியல்படி ஒட்டியிருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, இருக்கிற நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்கள் சௌகரியம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 'கூடியவரை' என்ற இடத்தில்தான் எல்லாம் நழுவுகிறது. அறந்தாங்கியில் இருந்து ராமநாதபுரம் போக மீமிசல், தொண்டி வழியாகக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விராலிமலையில் இருந்து கரூர் போக மணப்பாறையும் குளித்தலையும் தாண்ட வேண்டும். கந்தர்வகோட்டைக்குத் திருச்சியைவிடத் தஞ்சாவூர் பக்கம். பொதுமக்கள் சௌகரியம் என்பதை யார், எங்கே உட்கார்ந்து அளந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

ஏற்கெனவே ஒரு முறை

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் வெறும் பெயர்ப்பலகை விவகாரமாகத் தெரியலாம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அப்படித் தெரியாததற்கு வரலாறு ஒரு காரணம்.

தொண்டைமான்களின் சமஸ்தானம் அது. சொந்த நிர்வாகம், சொந்தச் சட்டமன்றம், 'அம்மன் காசு' என்று சொந்த நாணயம்கூட இருந்தது. 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இணைந்ததும் என்ன ஆயிற்று? திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு கோட்டமாக மாறியது. நேற்றுவரை தலைநகராக இருந்த ஊருக்கு, கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டிய நிலை. இருபத்தாறு வருஷம் அப்படிப் போனது. 1974 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலன்று, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து கொஞ்சம் பகுதிகளையும் சேர்த்துப் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மன்னரின் அரண்மனையிலேயே ஆட்சியர் அலுவலகமும் வந்தது.

நாடாளுமன்றத்தில் மட்டும் 1952 முதல் தேர்தலில் இருந்தே புதுக்கோட்டைக்கு இடம் இருந்தது. முதல் மக்களவைக்கு கே.எம்.வல்லத்தரசு போனார். 1962இலும் 1967இலும் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.உமாநாத், முதல் முறை ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சியில், அடுத்த முறை மார்க்சிஸ்ட் கட்சியில். 1996இல் திருச்சி சிவா. 1999இல் சு.திருநாவுக்கரசர். கடைசியாக 2004இல் எஸ்.ரகுபதி, அவர் மத்திய உள்துறை இணையமைச்சராகவும் இருந்தார். எல்லோரும் மண்ணின் மைந்தர்கள் இல்லை. உமாநாத் பிறந்ததே காசர்கோட்டில். ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. வெளியூர்க்காரர் நின்று ஜெயித்தாலும் அவர் 'புதுக்கோட்டை எம்.பி.'யாக இருந்தார் என்பதுதான் விஷயம்.

ஆகவே 2008இல் நடந்தது இந்த ஊருக்குப் புதுசில்லை. திருச்சியோடு சேர்த்து வைப்பதும், அதிலிருந்து பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பதும் அவர்களுக்கு இரண்டாம் சுற்று. இந்த முறை திருச்சியோடு மட்டுமா, நான்கு திசைக்கும் இழுத்துவிட்டார்கள்.

ஊர் சொன்ன பதில்

எதிர்ப்பு வந்தது. தொகுதியை மீட்டுத் தர வேண்டும் என்ற கோரிக்கை கட்சி பேதமில்லாமல் எழுந்தது. புதிய எல்லைகளோடு வந்த முதல் மக்களவைத் தேர்தலான 2009இல், எந்த வேட்பாளருக்கும் ஓட்டில்லை என்று '49-ஓ' பதிவு செய்யுங்கள் என்று ஊரில் பிரசாரம் நடந்தது.

இன்றைக்கு நோட்டா பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு 49-ஓ எவ்வளவு சங்கடமானது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் அது ஒரு விதி. வாக்குச்சாவடிக்குப் போய், விரலில் மை வைத்துக்கொண்டு, 'நான் ஓட்டுப் போட விரும்பவில்லை' என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் அதைக் குறிப்பார். அதற்கு நேராகக் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். பின்னால் கட்சி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே ஊர். மறுநாள் மளிகைக் கடையில் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைத் தள்ளி, இயந்திரத்திலேயே நோட்டா வைக்கச் சொன்னது. நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டுச் சொல்லும் எதிர்ப்பைத்தான் புதுக்கோட்டையில் கேட்டார்கள்.

அதனால் பலன் இருந்ததா? வரைபடத்தில் ஒரு கோடுகூட நகரவில்லை. நகராது என்பதும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. மறுவரையறைச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி ஆணையத்தின் ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நிலையை உறுதி செய்திருந்தது. அப்பட்டமாக நியாயமற்ற, அரசியல் சட்டத்துக்கு முரணான ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் கொஞ்சம் திறந்துவிட்டது 2024இல்தான். அதற்குள் நான்கு மக்களவைத் தேர்தல்கள் முடிந்துவிட்டன.

அரசியல்வாதிகள் புதிய வரைபடத்துக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். அறந்தாங்கியில் பல முறை எம்.எல்.ஏ.வாக இருந்த திருநாவுக்கரசர், 2009இல் ராமநாதபுரத்தில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று தோற்றார். 2019இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திருச்சியில் நின்று ஜெயித்தார். கோடு எங்கே போனாலும் தலைவர்களுக்கு வழி இருக்கிறது. அறந்தாங்கி வாக்காளரால் அப்படித் திருச்சிக்கு ஓட்டை மாற்றிக்கொள்ள முடியாது. 2021இல் மாநிலங்களவைக்குப் போன எம்.எம்.அப்துல்லா புதுக்கோட்டைக்காரர். அப்படியாக ஊருக்கு ஓர் எம்.பி. கிடைத்தார், ஆனால் அவர் ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் இல்லை.

நான்கு பேர் இருந்தால் நல்லதுதானே?

நான்கு எம்.பி.க்கள் இருந்தால் நான்கு கதவுகளைத் தட்டலாமே என்று ஒரு வாதம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை. எம்.பி.யின் உள்ளூர் வளர்ச்சி நிதி வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். ஒவ்வொருவரும் தன் ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு துண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது அதே 5 கோடி. ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

கவனத்தை நிதி மாதிரிப் பிரித்துக் கொடுக்க முடியாது. கரூர் எம்.பி.க்குக் கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்ட ஆட்சியர்கள். ராமநாதபுரத்தாருக்கு ராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டை என்று மூன்று பேர். மத்திய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்க 'திஷா' என்ற குழு இருக்கிறது, எம்.பி.தான் தலைவர். மற்ற மாவட்டங்களில் அந்தக் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு எம்.பி.க்கள் வருவார்கள். புதுக்கோட்டையில் நான்கு பேருக்கும் அழைப்பு போக வேண்டும், நான்கு பேருடைய தொகுதிக்கும் பெயர் தந்தது வேறு மாவட்டம்.

பொன்னமராவதிக்காரர் ஒருவர் தன் மகளை விராலிமலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் பிரதமர் நிவாரண நிதியில் இருந்து உதவி வேண்டுமென்றால் எம்.பி.யின் கடிதம் உதவும். அப்பாவுக்கு ஒரு எம்.பி., மகளுக்கு வேறு எம்.பி. இரண்டு பேருக்கும் கலெக்டர் ஒருவர்தான், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒன்றுதான்.

அதே சமயம், பிரித்ததெல்லாம் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறபோது, அவர்களுக்காகப் பேச வேண்டியவர் ராமநாதபுரம் எம்.பி. ராமேஸ்வரம் மீனவர்களுக்கும் அவரேதான். பாக் நீரிணையின் ஒரே பிரச்சினைக்கு ஒரே வாய். கடலோரத்தைப் பொறுத்தவரை அந்தக் கோடு அவ்வளவு மோசமில்லை. 2009இல் சிவகங்கையில் ப.சிதம்பரம் ஜெயித்த வித்தியாசம் 3,354 ஓட்டுகள்தான். அப்படி ஒரு போட்டியில் ஆலங்குடியும் திருமயமும் சாதாரணமான துண்டுகள் அல்ல. நாட்டின் உள்துறை அமைச்சரையே தீர்மானிக்கிற இடத்தில் அந்த வாக்காளர்கள் அன்றைக்கு இருந்தார்கள்.

ஆனாலும் காவிரிக் கால்வாயை நினைத்தால், பிரித்தது தப்பு என்ற பக்கமே மனம் மறுபடி சாய்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் விராலிமலைக்குப் பக்கத்தில் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய் கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையில் தொடங்கி, புதுக்கோட்டை வழியாகச் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் போக வேண்டும். மழையையும் கண்மாயையும் நம்பிக் கிடக்கிற மாவட்டத்துக்கு இது உயிர்த் திட்டம். இதற்காக டெல்லியில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று பாருங்கள்: கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் எம்.பி.க்கள். மூவரும் புதுக்கோட்டைக்கும் எம்.பி.க்கள்தான். ஆனால் ஒருவருடைய தொகுதி தலைமடையில், மற்ற இருவருடைய தொகுதிகள் கடைமடையில். நடுவில் இருக்கிற மாவட்டத்தை மட்டும் நினைத்துப் பேச வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கமும் கதீட்ரலும்

எல்லைக்கோட்டின் வலி புதுக்கோட்டைக்கு மட்டும் உரியதில்லை. 2022 மே மாதம் நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையிலான ஆணையம் ஜம்மு–காஷ்மீரில் அனந்தநாக்–ரஜௌரி என்று ஒரு மக்களவைத் தொகுதியை உருவாக்கியது. இரண்டுக்கும் நடுவில் பீர் பாஞ்சால் மலைத்தொடர். நேர்வழியான முகல் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும். அங்கிருந்து வந்த ஆட்சேபங்களையும் மீறித் தொகுதி உறுதியானது. 2024 தேர்தலில் என்ன நடந்தது? மே 7ஆம் தேதி நடக்க வேண்டிய வாக்குப்பதிவை, போக்குவரத்துச் சிரமத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையமே மே 25க்குத் தள்ளிவைத்தது. காகிதத்தில் ஒட்டியிருந்த தொகுதி தரையில் ஒட்டவில்லை.

அசாமில் 2023 ஜூனில் வரைவு வந்ததும் பராக் பள்ளத்தாக்கில் கடையடைப்பு நடந்தது. அங்கே சட்டமன்ற இடங்கள் 15இல் இருந்து 13 ஆகக் குறைந்ததுதான் கோபத்துக்குக் காரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. தேர்தல் ஆணையம் கவுகாத்தியில் உட்கார்ந்து கேட்டது, ஆகஸ்டில் இறுதி ஆணை போட்டது. பல தொகுதிகளின் பெயர்கள் மாறின. 13 என்ற எண் மாறவில்லை.

ஊர் சொன்னதைக் கேட்டு வரைபடம் திரும்பிய இடமும் உண்டு. 2011இல் பிரிட்டனில் வரைந்த ஒரு வரைவில், குளோஸ்டர் நகரத்தின் நடுவார்டு பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. போனது வெறும் வார்டு இல்லை; நகரத்தின் அடையாளமான குளோஸ்டர் கதீட்ரலும் அதோடு போனது. மதுரைத் தொகுதியில் இருந்து மீனாட்சியம்மன் கோயிலை எடுத்துவிட்ட மாதிரி. ஊர் கொதித்தது. திருத்திய வரைவில் அந்த வார்டு திரும்பி வந்தது. அங்கே வழக்கமே வேறு. 2021 முதல் 2023 வரை நடந்த மறுவரையறையில் இங்கிலாந்தில் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன. மூன்று சுற்று கருத்துக் கேட்பு. முதல் வரைவின் ஏறக்குறைய பாதித் தொகுதிகளை ஆணையமே மாற்றியது. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்று கடுமையான சட்டம் இருந்தும் இது நடந்தது. கடல் சூழ்ந்த வைட் தீவுக்கு அந்த விதியில் இருந்தே விலக்குக் கொடுத்துச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். தீவுக்காரர்கள் கரையோடு தங்களைச் சேர்க்காதே என்று நடத்திய போராட்டம்தான் அதற்குக் காரணம்.

அங்கே ஆட்சேபம் தெரிவிப்பவரிடம், அப்படியானால் நீங்கள் எப்படி வரைவீர்கள் என்று ஆணையமே கேட்கிறது. இங்கே நம் வழக்கம் மனு. கோரிக்கை இரண்டு வரியில் முடிந்துவிடும்: எங்கள் தொகுதியை எங்களுக்கே கொடுங்கள். எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்ற கேள்விக்கு மனுவில் பதில் இருக்காது.

திரும்ப வந்தால் போவது யார்?

புதுக்கோட்டைக்காரர்கள் பலர் விரும்பிக் கேட்க மாட்டார்கள் என்றாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மொத்தம் 39 என்று இருக்கிறவரை, புதுக்கோட்டையின் ஆறு துண்டுகளையும் ஒன்று சேர்த்தால் சுற்றியிருக்கிற நான்கு தொகுதிகளிலும் மறுபடி ஆறு ஓட்டைகள் விழும். அதை அடைக்க ஒரு முழுத் தொகுதியை உடைக்க வேண்டும். சிவகங்கையோ, ராமநாதபுரமோ, கரூரோ, பெரம்பலூரோ. இன்றைக்குப் புதுக்கோட்டை கேட்கிற கேள்வியை நாளைக்கு அந்த ஊர் கேட்கும். ராமநாதபுரமும் சிவகங்கையும் மாவட்டத்துக்கு நான்கு நான்கு தொகுதிகள்தான் வைத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கு என்று யாராவது சொன்னால் சேதுபதி சீமையும் சிவகங்கைச் சீமையும் சும்மா இருக்குமா?

மற்றொரு வழி, மொத்த எண்ணிக்கை கூடுவது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தமிழ்நாடு முழுவதும் மறுவரையறையை நினைத்துப் பயப்படுகிறது. 2025 மார்ச் 5இல் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. அதே மாதம் 22ஆம் தேதி பிற மாநிலத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்துக் கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டமும் நடந்தது. இருக்கிற நிலையை இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டியுங்கள் என்பது அங்கே எழுந்த கோரிக்கை. 1967 தேர்தலில் 41 இடங்கள் 39 ஆனதைப் பார்த்த மாநிலத்துக்கு அந்தப் பயம் இயல்பானது. விகிதாசாரப் பங்கு குறைந்தால் டெல்லியில் நம் குரல் மெலியும் என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன்.

ஆனால் 25 ஆண்டுகள் நீட்டித்தால் புதுக்கோட்டையும் அதே இருபத்தைந்து ஆண்டுகள் நான்கு துண்டாகவே கிடக்கும். மாநிலம் எதைத் தள்ளிப்போடச் சொல்கிறதோ, அதுதான் இந்த மாவட்டத்துக்குத் தன் தொகுதியைத் திரும்பக் கேட்பதற்குக் கிடைக்கும் அடுத்த வாய்ப்பு. மேடையில் பேசுகிற கட்சி எதுவும் இந்த முரணைத் தொட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான பங்கை உறையவைத்து, மாநிலத்துக்குள் மட்டும் கோடுகளைத் திருத்துவது முடியாத காரியமும் இல்லை. 2008இல் நடந்ததே அதுதான். அப்படி இன்னொரு முறை நடந்தால், முன்பு பற்றாக்குறையை நிரப்பக் கொடுத்த ஊர் இந்த முறை எந்த இடத்தில் நிற்கும் என்பதை யாராவது இப்போதே கேட்க வேண்டும்.

அடுத்த ஆணையம் எந்தச் சட்டத்தின்கீழ் அமைந்தாலும் நடைமுறை பெரிதாக மாறும் என்று நான் நினைக்கவில்லை. வரைவு அரசிதழில் வரும். மாநிலத்தின் மக்களவை உறுப்பினர்களில் ஐந்து பேரும் சட்டமன்ற உறுப்பினர்களில் ஐந்து பேரும் துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். சென்ற முறை அவர்களுக்குப் பேச உரிமை இருந்தது, வாக்களிக்க உரிமை இல்லை. அவர்களில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் வரைவோடு சேர்த்து வெளியிட வேண்டும். பிறகு ஆட்சேபங்களுக்கு ஒரு கடைசித் தேதி, பொது விசாரணை, இறுதி ஆணை. அந்த ஐந்து பேரில் புதுக்கோட்டைக்கென்று சொந்தமாக எம்.பி. ஒருவர் இருக்கப் போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் கிடையாது. மாவட்டத்தின் ஆறு எம்.எல்.ஏ.க்களில் ஒருவராவது அந்த மேஜைக்குப் போக வேண்டும். விசாரணை நாளுக்குள் ஊர் தன் வரைபடத்தைத் தானே வரைந்து வைத்திருக்க வேண்டும். ஆறு துண்டுகளையும் ஒட்டிய படம் மட்டும் போதாது. பக்கத்துத் தொகுதிகளில் இருக்கிற காரைக்குடியையும் திருவாடானையையும் கிருஷ்ணராயபுரத்தையும் எங்கே வைப்பது என்பதையும் அதே தாளில் வரைந்து கொண்டுபோனால்தான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.